கல்லூரியில் அரியர் விழுந்தபின் எம்.பி.பி.எஸ் திட்டத்தை மறுபடி கணக்குப் பார்ப்பது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள கடலோர ஊர்களில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் மருத்துவ இடம் கிடைக்காமல், "ஒரு வருஷம் சும்மா இருப்பானேன்" என்று பி.எஸ்சி விலங்கியலிலோ வேதியியலிலோ நுண்ணுயிரியலிலோ சேர்ந்த பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். சேரும்போது அவர்கள் மனத்தில் இருப்பது அடுத்த மே மாதத்து நீட் தேர்வுதான். கல்லூரி அதுவரை ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம். இரண்டாவது, மூன்றாவது செமஸ்டர் முடிவு வரும்போது இரண்டு மூன்று பாடத்தில் தேறாமல் அரியர் விழுந்திருக்கும். உடனே வீட்டில் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். "இதிலேயே தேறாத பிள்ளை டாக்டருக்கு எப்படிப் படிக்கும்?" என்பார் ஒருவர். "காலேஜை நிறுத்திவிட்டு முழு மூச்சாக நீட்டுக்கு உட்காரட்டும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே முடிவு வந்த அன்றைய சூட்டில் சொல்லப்படுபவை. இவற்றில் எதை ஏற்பதற்கு முன்பும் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அதைப் பார்க்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விதி என்ன சொல்கிறது

எம்.பி.பி.எஸ் சேர்க்கையில் பட்டப்படிப்பு மதிப்பெண்ணை எவரும் கேட்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினர் 40 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஆண்டின் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும். மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஆகவே, மூன்று அரியர் வைத்திருக்கும் மாணவரும் எல்லாப் பாடத்திலும் முதல் வகுப்பு வாங்கிய மாணவரும் நீட் விண்ணப்பத்தின் முன் சமம்தான்.

அரியர் கெடுப்பது வேறொன்றை. எம்.பி.பி.எஸ் கிடைக்காமல் போனால் நீங்கள் நாடப்போகும் முதுகலைப் படிப்பு, பி.எட்., பட்டம் கேட்கும் அரசுத் தேர்வுகள் ஆகிய அனைத்துக்கும் முடித்த பட்டம் வேண்டும். அந்தப் பட்டத்தைத்தான் அரியர் தள்ளிப்போடுகிறது. பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, நீட்டுக்குப் படிப்பதற்காக அரியரைக் கிடப்பில் போடுகிறார்கள். நீட்டும் கைகூடாமல் பட்டமும் முடியாமல் இருபத்திரண்டு வயதில் வெறும் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு நிற்கும் நிலை இந்தக் கிடப்பிலிருந்துதான் உண்டாகிறது. நீட் தோல்வியை மட்டும் அதற்குக் காரணம் சொல்வது சரியாகாது.

6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020இல் தமிழக அரசு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் அவர்களுக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் வெளியாகிறது. அதில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பள்ளியை முடித்து இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து எழுதுபவருக்கும் இந்த உரிமை உண்டு. பொதுப் பட்டியலின் கட்-ஆஃப் மதிப்பெண்ணைப் பார்த்து மனம் தளர்ந்த அரசுப் பள்ளி மாணவர் எத்தனையோ பேர் தமக்குரிய பட்டியலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

மதிப்பெண் பட்டியலைப் படிக்கும் விதம்

அரியர் எத்தனை என்பதைவிட, எந்தப் பாடத்தில், எந்தப் பகுதியில், எதனால் விழுந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டிய செய்தி. பாம்பனிலிருந்து ராமநாதபுரத்துக்கு வந்து விலங்கியல் படிக்கும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். பள்ளியில் தமிழ் வழி. கல்லூரியில் ஆங்கில வழி. மூன்றாவது செமஸ்டர் வரை அவளுக்கு இரண்டு அரியர். செல் உயிரியலில் அகமதிப்பீடு 25க்கு 20, எழுத்துத் தேர்வு 75க்கு 22. துணைப்பாடமான வேதியியலில் அகமதிப்பீடு 25க்கு 9, எழுத்துத் தேர்வு 75க்கு 14. பட்டியலில் இரண்டுக்கும் எதிரே ஒரே எழுத்துத்தான் அச்சாகியிருக்கும். ஆனால் இரண்டும் இரு வேறு கோளாறுகள்.

முதலாவதில், வகுப்புத் தேர்வு, ஒப்படைப்பு, வாய்மொழிக் கேள்வி என எதிலும் அவள் சோடை போகவில்லை. மூன்று மணி நேரம் ஆங்கிலத்தில் கட்டுரை விடை எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. நீட் தேர்வில் கட்டுரை விடை கிடையாது. விண்ணப்பிக்கும்போது தமிழைத் தெரிவு செய்தால் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வரும். எனவே அந்த அரியரை வைத்து அவளுடைய உயிரியல் அறிவை எடை போடக் கூடாது. (மருத்துவக் கல்லூரியிலும் பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கும் என்பதால், அந்தத் தடுமாற்றத்தை இப்போதே சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது தனி விஷயம்.) இரண்டாவது அரியர் அப்படிப்பட்டதன்று. அகமதிப்பீட்டிலும் குறைவு, தேர்விலும் குறைவு. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், மோல் கணக்கும் கரைசலின் செறிவும் வரும் இடங்களில் அவள் கேள்வியையே விட்டிருப்பது தெரியக்கூடும். நீட் தேர்வின் 180 கேள்விகளில் 45 வேதியியல். 720 மதிப்பெண்ணில் 180 அதில் இருக்கிறது. அவள் கவலைப்பட வேண்டியது இந்த அரியரைப் பற்றித்தான்.

விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் முடிவு வெளியான சில நாள்களுக்குள்ளேயே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணத்துக்கு அஞ்சிப் பலர் விட்டுவிடுகிறார்கள். மறுமதிப்பீட்டில் மதிப்பெண் கூடுகிறதோ இல்லையோ, எங்கே சறுக்கினோம் என்பதை அந்த நகலைப்போல் வேறு எதுவும் காட்டாது.

பாடத்துக்கு வெளியே இருக்கும் காரணங்களையும் ஒளிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். போக வர மூன்று மணி நேரம் பேருந்திலேயே கரைந்துவிடும். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்ற 2022 டிசம்பரிலிருந்து புதிய பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் வரை, தீவிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்களுக்கு ரயில் என்ற வழியே இல்லாமல் போயிற்று. அந்த ஆண்டுகளில் வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாமற்போனவரின் அரியரைப் படிப்பில் மந்தம் என்று சொல்வது நியாயமாகாது. விசைப்படகோடு அப்பாவையும் இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டுபோன செமஸ்டரும் அப்படித்தான். முடிந்துபோன காரணத்தால் விழுந்த அரியர், அடுத்த தேர்வில் எழுந்துவிடும். இன்னும் தொடரும் காரணம் என்றால், நீட் பயிற்சியையும் அதே காரணம் கெடுக்கும். ஆகையால் விடுதியில் சேர்வதா, உறவினர் வீட்டில் தங்குவதா என்பதைத்தான் முதலில் பேசித் தீர்க்க வேண்டும்.

பாடத்தின் மேலேயே விருப்பமில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். தவளையையும் எலும்பையும் விட்டுவிட்டு வேறெதையாவது படிக்கத்தான் மனம் ஓடுகிறது என்றால், அதை வீட்டுக்குச் சொல்லும்முன் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எம்.பி.பி.எஸ் நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுக் கட்டாய உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது. அதில் முதல் ஆண்டு முழுவதும் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல் என்று இதே பாடங்கள்தான் பத்து மடங்காக வரும்.

வீட்டிலேயே ஒரு நீட் எழுதிப் பாருங்கள்

மதிப்பெண் பட்டியலை அலசியபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணிக்குக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சென்ற ஆண்டு வினாத்தாளை எடுத்து உட்காருங்கள். 5 மணிக்கு எழுந்துவிட வேண்டும். விடையைக் குறிக்கும் ஓ.எம்.ஆர் தாளின் நகலில் கறுப்புப் பேனாவால் வட்டத்தை நிரப்பியே எழுதுங்கள். 180 வட்டம் நிரப்ப எவ்வளவு நேரம் போகிறது என்பது செய்து பார்த்தால்தான் விளங்கும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு ஒன்று கழியும். விட்ட கேள்விக்குக் கூடுதலும் இல்லை, கழித்தலும் இல்லை.

மொத்தத்தைக் கூட்டியவுடன் தாளை மூடிவிடாதீர்கள். 90 சரி, 60 தவறு, 30 விட்டது என்றால் மதிப்பெண் 300. அந்த 60 தவற்றில் எத்தனை தெரியாமல் குருட்டாம்போக்கில் வைத்தது, எத்தனை தெரிந்தும் அவசரத்தில் பிசகியது என்று பிரித்தால், மூன்று மாதத்தில் எவ்வளவு ஏறும் என்பதற்கு நம்பத்தக்க ஒரு மதிப்பீடு கிடைக்கும். இயற்பியலில் ஒற்றை இலக்கத்தில் சரியான விடை வைத்திருப்பவருக்கு உயிரியலில் நிறைய வந்தாலும் அரசுக் கல்லூரி எட்டுவது கடினம். அவர் பயிற்சி நிலையத்தைத் தேடும்முன் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத் தேட வேண்டும்.

பிறகு மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு வெளியிட்ட கடந்த ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் பிரிவில் அரசுக் கல்லூரியில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன என்று பாருங்கள். ராமநாதபுரத்திலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. அதற்காகச் சொந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தனி இடம் எதுவும் அங்கே கிடையாது, மாநிலம் முழுவதற்கும் ஒரே கலந்தாய்வுதான். "நீட் பாஸ்" என்ற சொல்லிலும் மயங்க வேண்டாம். பொதுப் பிரிவுக்கு 50ஆவது, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40ஆவது சதமானத்தை (எழுதியவர்களில் அத்தனை விழுக்காட்டினருக்கு மேலே இருக்கும் நிலையை) எட்டினால் தகுதி என்று வந்துவிடும். 2025இல் ஏறத்தாழ 22 லட்சம் பேர் எழுதி 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ் இடங்கள் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். தகுதி என்ற ஒரு வரியை நம்பி வீட்டில் இனிப்பு வாங்கிய பின் கலந்தாய்வில் பெயர் வராமல் போவதை நம் பக்கத்தில் ஆண்டுதோறும் பார்க்கிறோம்.

மூன்று மாதம் கழித்து வேறோர் ஆண்டின் வினாத்தாளை அதே முறையில் எழுதுங்கள். முதல் மதிப்பெண்ணுக்கும் இரண்டாவதற்கும் இடையிலான ஏற்றத்தைத்தான் முடிவுக்கு ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

பணம், மாதம், தரகர்

நீட் பெரும்பாலும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகை நம்பிய வீட்டில் அந்த 61 நாளும் வரவு இல்லை. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். தேர்வு முடிந்து, மறுபடி எழுதுவதா என்று முடிவெடுத்துப் பயிற்சி நிலையத்துக்கு முன்பணம் கட்டச் சொல்லும் நேரமும் சரியாக அதுவே. நகையை அடகு வைத்துக் கட்டிய பணத்தின் பாரம் பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஆகையால், மறுபடி எழுதும் திட்டம் இருந்தால் அதற்கான பணத்தைத் தை, மாசியிலேயே பேசி ஒதுக்குங்கள். ஒதுக்க வழியில்லை என்றால் பயிற்சி நிலையம் இல்லாமல் படிக்கும் திட்டத்தை அப்போதே போட்டுவிடுங்கள். கல்லூரியின் இரட்டைப்படை செமஸ்டர் தேர்வுகளும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வரும் என்பதால், அரியரையும் அதே பருவத்தில் குவித்து வைத்தவர்கள் ஒரு வாரத்தில் இரண்டு போர்க்களத்தில் நிற்க வேண்டியிருக்கும்.

ஜூன் மாதத்தில் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ் தரகர்கள் கீழக்கரையிலும் பரமக்குடியிலும் மண்டபம் ஊரிலும் கூட்டம் போடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதை நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டில் படிப்பதற்கும் நீட் தகுதி வேண்டும்; 2021ஆம் ஆண்டு விதிமுறைப்படி படிப்பு குறைந்தது 54 மாதமாகவும் ஆங்கில வழியிலும் இருக்க வேண்டும்; அதற்குமேல் 12 மாதப் பயிற்சியை அதே நிறுவனத்தில் முடிக்க வேண்டும்; திரும்பி வந்தபின், வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ தேர்வில் 300க்கு 150 எடுத்தால்தான் இங்கே தொழில் செய்ய முடியும். அந்தத் தேர்வில் பெரும்பாலான பருவங்களில் எழுதியவர்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை. கல்லூரியில் வேதியியல் அரியரை எழுப்ப முடியாதவருக்கு இந்த வழியை "சுலபம்" என்று சொல்லி விற்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ஆண்டுக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டுவது வழக்கம். அதைப் பற்றி மேலும் எழுதத் தேவையில்லை.

எது முதலில்

என் பரிந்துரை இதுதான். இரண்டாம் ஆண்டில் இருப்பவர் படிப்பை நிறுத்த வேண்டாம். அடுத்த இரண்டு பருவத்தில் அரியர் அனைத்தையும் முடியுங்கள். அந்தக் காலத்தில் நீட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், அதுவும் பலவீனமான ஒரே பாடத்துக்கு மட்டும் கொடுங்கள். பட்டம் முடிந்தபின் ஓராண்டை முழுதாக நீட்டுக்கு ஒதுக்குங்கள். அந்த ஓர் ஆண்டோடு கெடு முடிந்தது என்று முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். முதலாம் ஆண்டிலேயே இருந்து, வீட்டுத் தேர்வில் கட்-ஆஃபுக்கு மிக அருகில் வந்துவிட்டவர் மட்டும் கல்லூரியை விடுவதைப் பற்றி யோசிக்கலாம்.

இந்தக் கரையில் எந்த மேடையில் பேச்சாளர் ஏறினாலும், விமானப்படை விமானியாக விரும்பிய அப்துல் கலாம் எட்டே இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்து வாய்ப்பை இழந்த கதையைச் சொல்லாமல் இறங்க மாட்டார். அந்த நேரத்தில் கலாமின் கையில் சென்னை எம்.ஐ.டியில் படித்து முடித்த விமானப் பொறியியல் படிப்பு இருந்தது, டெல்லியில் வேறொரு அரசுப் பணிக்கான நேர்காணலுக்கும் அவர் போயிருந்தார் என்பதை மட்டும் மேடையில் விட்டுவிடுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு உதவும் பகுதி அந்த விட்டுப்போன பகுதிதான்.

எம்.பி.பி.எஸ் இல்லையென்றால்

இங்கே இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே புதிதாகச் சேரக்கூடியவை ஒரு வகை. தமிழகத்தில் பி.எஸ்சி நர்சிங், பி.ஃபார்ம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கு இதுவரை அந்த மதிப்பெண்ணே அடிப்படை. விதிகள் மாறிவரும் காலம் என்பதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டையும் வயது வரம்பையும் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கால்நடை மருத்துவமான பி.வி.எஸ்சி படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில்தான் நிரம்புகின்றன. சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி ஆகியவற்றுக்கு நீட் வேண்டும், ஆனால் எம்.பி.பி.எஸ் கட்-ஆஃபைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலும் இடம் கிடைப்பதுண்டு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டிய தூரம்தான்.

நம் பகுதிப் பிள்ளைகள் ஏனோ கவனிக்காத படிப்பு பி.எஃப்.எஸ்சி எனப்படும் மீன்வள அறிவியல். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ்த் தூத்துக்குடியிலேயே கல்லூரி இருக்கிறது, நான்காண்டுப் படிப்பு, நீட் தேவையில்லை. மீன் நோய், நீர்வாழ் உயிர் வளர்ப்பு, பதப்படுத்துதல் என்று உயிரியல் பிடித்தவருக்கு வேலை இருக்கும் துறை அது.

மற்றொரு வகை, பட்டத்தை முடித்தபின் திறப்பவை. மருத்துவ நுண்ணுயிரியல், மருத்துவ உயிர்வேதியியல், பொது சுகாதாரம், மருத்துவமனை நிர்வாகம் ஆகியவற்றில் முதுகலை செய்து ஆய்வகத்திலோ சுகாதாரத் துறையிலோ அமரலாம். கடல் பக்கம் திரும்ப விரும்பினால், அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொண்டி வளாகத்தில் கடலியல் துறை இருக்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இருக்கிறது. இன்று கொச்சியில் இயங்கும் அந்த நிலையத்தின் தலைமையகமே 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. பாசி எடுக்கும் பெண்களின் தோல் புண்ணும் கண் எரிச்சலும் பற்றி ஆராய யாராவது வந்தால் நம் ஊர்ப் பிள்ளையாக வரட்டும் என்று எனக்கு ஆசை உண்டு, அதற்கு எம்.பி.பி.எஸ் ஒன்றுதான் வழி என்றில்லை.

வீட்டில் சொல்வது

கணக்கைப் பார்த்து முடித்தபின், தாளோடு பேசுங்கள். கடலிலிருந்து வந்து இறங்கிய களைப்பில் இருக்கும் அப்பாவிடம் அன்றைக்கே பேசாமல், தொழிலுக்குப் போகாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். "அப்பா, ரெண்டு பாடம் நிக்குது. நவம்பர்ல ஒண்ணு, ஏப்ரல்ல ஒண்ணு எழுதி முடிச்சிருவேன். வீட்ல எழுதிப் பார்த்த நீட்ல இவ்வளவு வந்துச்சு, எனக்கு வேண்டியது இவ்வளவு" என்று இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னால், கோபம் வந்தாலும் பேச்சு தொடரும். செலவைச் சுமப்பவர் சவுதியில் இருக்கும் மாமா என்றால், வாப்பாவிடம் சொன்ன அதே எண்ணை அவரிடமும் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னால் அது ஒரு பெருநாள் விடுமுறைகூடத் தாங்காது.

அரியரை மறைத்து வைத்துத் தூக்கம் கெட்டு, யாரிடமும் பேசப் பிடிக்காமல், உயிரையே வெறுக்கும் எண்ணம் வந்தால், படிப்புக் கணக்கை அப்படியே வைத்துவிட்டு 104 அல்லது 14416 எண்ணை அழையுங்கள். இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழில் பேசலாம். பிள்ளை சாப்பாட்டைக் குறைத்து அறைக்குள்ளேயே கிடந்தால் பெற்றோரும் அழைக்கலாம்.

கலந்தாய்வு வரை போகக்கூடும் என்று தோன்றுபவர் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுங்கள். கல்லூரியில் கொடுத்த அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் இன்னும் அலுவலகத்தில் இருந்தால் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவுறுத்தியிருக்கிறது. சாதிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை படித்த ஒவ்வொரு பள்ளியின் தலைமையாசிரியரும் ஒப்பமிட்ட சான்று வேண்டியிருக்கும். நடுநிலைப் பள்ளி ஒரு தீவிலும் மேல்நிலைப் பள்ளி மறுகரையிலுமாகப் படித்தவர்கள், ஏப்ரல் இறுதியில் பள்ளிகள் பூட்டப்படும் முன்பே இரண்டு இடத்துக்கும் போய் வந்துவிடுங்கள்.